‘என் டெபாசிட்டை அரசு எடுத்துக்கொள்ளுமா?’: ஓய்வுபெற்ற ஆசிரியைக்கு வழக்கறிஞரின் பதில்

கரூர் மாவட்டத்திலிருந்து ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். வயது 67. கணவர் காலமாகிவிட்டார். பணிக்கொடையும் சேமிப்புமாகச் சேர்ந்த தொகையில் 14 லட்சம் ரூபாயை ஒரு தேசியமயமாக்கப்பட்ட வங்கியிலும், அரை சதவீதம் கூடுதல் வட்டி கிடைக்கிறது என்பதற்காக 8 லட்சம் ரூபாயை ஒரு கூட்டுறவு நகர வங்கியிலும் தன் பெயரில் நிரந்தர வைப்பாகப் போட்டிருக்கிறார். கூட்டுறவு வங்கி டெபாசிட் அடுத்த மாதம் முதிர்கிறது. ‘வங்கி நஷ்டமானால் உங்கள் டெபாசிட்டை அரசு எடுத்துக்கொள்ளச் சட்டம் வந்துவிட்டது, சைப்ரஸில் நடந்தது இங்கேயும் நடக்கப்போகிறது’ என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்த செய்தியைப் படித்ததிலிருந்து அவருக்கு உறக்கமில்லை. 2020 நவம்பரில் லட்சுமி விலாஸ் வங்கிக் கிளையில் அவருடைய அக்கா பணம் எடுக்க வரிசையில் நின்றதைப் பார்த்தவர் என்பதால் அந்தச் செய்தியை அவரால் ஒதுக்கவும் முடியவில்லை.

மொத்தப் பணத்தையும் எடுத்து, பாதியை ரொக்கமாக வீட்டில் வைத்துக்கொண்டு, மீதியைத் தெரிந்தவர் நடத்தும் ஃபைனான்ஸில் ‘ரெண்டு வட்டி’க்குக் கொடுக்கலாம் என்கிறார் மகன். போகிற போக்கில் இன்னும் இரண்டு விஷயங்களையும் ஆசிரியை எழுதியிருக்கிறார்: கணவர் திருச்சியில் வேலை பார்த்தபோது தொடங்கிய பழைய சேமிப்புக் கணக்கில் இருந்த பணத்தை ‘அரசு எடுத்துக்கொண்டுவிட்டது’ என்று கிளையில் சொன்னார்களாம், தங்கை மகன் வாங்கிய கடனுக்கு அதே கூட்டுறவு வங்கியில் இவர் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறாராம்.

அன்புள்ள அம்மா,

உங்கள் பயத்தை அறியாமை என்று நான் சொல்லமாட்டேன். நீங்கள் கேள்விப்பட்டவற்றில் பாதி உண்மை. ஆனால் அந்தப் பாதி உண்மை உங்களைத் தவறான பக்கம் திரும்ப வைத்திருக்கிறது. உங்கள் கடிதத்தில் நான் உண்மையிலேயே கவலைப்பட்ட இடங்கள் மூன்று. ஒரே கூட்டுறவு வங்கியில் இருக்கும் 8 லட்சம், நீங்கள் போட்ட ஜாமீன் கையெழுத்து, மகன் சொல்லும் ஃபைனான்ஸ். இவை எதிலும் அரசு வரவில்லை.

அந்தச் செய்தி எங்கிருந்து வந்தது

சைப்ரஸில் நடந்தது கட்டுக்கதையல்ல. 2013 மார்ச் 16, சனிக்கிழமை. அந்நாட்டு வங்கிகளைக் காப்பாற்றக் கடன் தருவதற்கு ஐரோப்பிய நாடுகள் விதித்த நிபந்தனையின்படி, ஒரு லட்சம் யூரோ வரையிலான டெபாசிட்டுகளுக்கு 6.75 சதவீதமும் அதற்கு மேற்பட்டவற்றுக்கு 9.9 சதவீதமும் ஒரே தடவையில் வரியாகப் பிடிக்கப்படும் என்று அறிவித்தார்கள். மக்கள் கொதித்தெழுந்தார்கள்; மூன்றே நாளில் நாடாளுமன்றம் அந்தத் திட்டத்தை நிராகரித்தது. ஆதரித்து ஒரு வாக்குகூட விழவில்லை. பிறகு வேறொரு ஏற்பாடு வந்தது: காப்பீட்டு வரம்பான ஒரு லட்சம் யூரோ வரை யாருடைய பணத்தையும் தொடுவதில்லை, அதற்கு மேல், பேங்க் ஆஃப் சைப்ரஸில் இருந்த காப்பீடில்லாத டெபாசிட்டில் 47.5 சதவீதம் அந்த வங்கியின் பங்குகளாக மாற்றப்பட்டது. லைக்கி என்ற இன்னொரு பெரிய வங்கி இழுத்து மூடப்பட்டது.

இத்தாலியில் 1992 ஜூலையில் ஒரே இரவில் எல்லா வங்கிக் கணக்குகளிலும் ஆயிரத்துக்கு ஆறு வீதம் அரசே பிடித்துக்கொண்டதும் உண்டு. ஆகவே, அரசுகள் டெபாசிட்டில் கைவைத்ததே இல்லை என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பவேண்டாம்.

நம் நாட்டில் இந்தப் பீதி எழுந்ததற்கு 2017 ஆகஸ்டில் மக்களவையில் அறிமுகப்படுத்தப்பட்ட நிதித் தீர்வு மற்றும் வைப்புக் காப்பீட்டு மசோதாதான் காரணம். முழுகும் நிலையிலுள்ள வங்கியின் கடன்களைக் குறைக்கவோ பங்குகளாக மாற்றவோ அதன் 52ஆவது பிரிவு வழிசெய்தது. டெபாசிட் என்பது வங்கி நமக்குத் திருப்பித் தரவேண்டிய கடன்தானே. அதனால் காப்பீட்டு வரம்புக்கு மேற்பட்ட டெபாசிட்டும் அதற்குள் வரலாம் என்ற அச்சத்தில் நியாயம் இருந்தது. காப்பீடு செய்யப்பட்ட டெபாசிட்டுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது என்று மசோதாவிலேயே எழுதியிருந்தது; ஆனால் அன்றைய காப்பீட்டு வரம்பு வெறும் ஒரு லட்சம் ரூபாய். எதிர்ப்பு வலுத்ததால் 2018 ஆகஸ்டில் அரசு மசோதாவைத் திரும்பப் பெற்றது. அது சட்டமாகவில்லை. உங்களுக்கு வந்த செய்தி, திரும்பப் பெறப்பட்ட அந்த மசோதாவைத்தான் ‘சட்டம் வந்துவிட்டது’ என்று சொல்லிக்கொண்டு இன்னும் சுற்றுகிறது.

அந்த மசோதா போய்விட்டதால் ஆபத்தே இல்லை என்று முடித்துக்கொள்ளவும் எனக்கு மனமில்லை. 1949ஆம் ஆண்டின் வங்கி ஒழுங்குமுறைச் சட்டம், 45ஆவது பிரிவு, நெடுங்காலமாகவே இருக்கிறது. தள்ளாடும் வங்கியை மறுசீரமைக்கவோ வேறு வங்கியுடன் இணைக்கவோ ரிசர்வ் வங்கி திட்டம் தயாரிக்கலாம். அந்தத் திட்டத்தில் பங்குதாரர், டெபாசிட்தாரர், கடன் கொடுத்தவர் ஆகியோரின் உரிமைகளைக் குறைக்கவும் இடமுண்டு. சட்டத்தில் இருப்பது இது. நடந்தது என்ன என்று தனியாகப் பார்க்கவேண்டும்.

உங்கள் ஊர் வங்கியிலிருந்தே தொடங்குகிறேன். 1926இல் கரூரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கிக்கு 2020 நவம்பர் 17 அன்று தடைக்காலம் விதிக்கப்பட்டது. ஒருவர் 25,000 ரூபாய்தான் எடுக்கலாம் என்றார்கள். உங்கள் அக்கா வரிசையில் நின்றது அந்த நாட்களில்தான். பத்தே நாளில், நவம்பர் 27 அன்று, அது டி.பி.எஸ். வங்கியுடன் இணைக்கப்பட்டது. பங்கு வைத்திருந்தவர்களின் முதலீடு முழுவதும் போயிற்று. வங்கி வெளியிட்ட 318 கோடி ரூபாய்க் கடன் பத்திரங்களும் பூஜ்யமாக்கப்பட்டன. டெபாசிட் போட்டவர்களில் ஒருவருக்கும் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. அதே ஆண்டு மார்ச்சில் யெஸ் வங்கி தள்ளாடியபோதும் டெபாசிட் போட்டவர்களுக்குப் பணம் குறையவில்லை.

எல்லா இடத்திலும் இப்படி முடியவில்லை என்பதையும் சொல்லவேண்டும். மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட பஞ்சாப் அண்டு மகாராஷ்டிரா கூட்டுறவு வங்கி 2019 செப்டம்பரில் முடக்கப்பட்டபோது முதலில் ஒருவருக்கு 1,000 ரூபாய்தான் எடுக்க அனுமதி. 2022 ஜனவரியில் அது யூனிட்டி சிறுநிதி வங்கியுடன் இணைந்த பிறகு, 5 லட்சம் வரை வைத்திருந்தவர்களுக்குப் பணம் கிடைத்தது. அதற்கு மேல் வைத்திருந்த தனிநபர்களுக்கு மீதித்தொகை பத்தாண்டு வரை நீளும் தவணைகளில், முதல் ஐந்து ஆண்டுகளுக்கு வட்டியில்லாமல் என்று தீர்மானிக்கப்பட்டது. நிறுவனங்களின் டெபாசிட்டில் 80 சதவீதம் முன்னுரிமைப் பங்குகளாக மாற்றப்பட்டது. சைப்ரஸ் போல இங்கே நடக்குமா என்று கேட்டீர்கள். அதற்கு மிக அருகில் நாம் வந்தது இங்கேதான். அங்கே பணத்தை அரசு எடுக்கவில்லை. வங்கி கெட்டது, வரம்புக்கு மேல் வைத்திருந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். 67 வயதில் ஒருவருக்குப் பத்தாண்டுத் தவணை என்றால் என்ன பொருள் என்று நான் விளக்கவேண்டியதில்லை.

அரசு நேரடியாக எடுக்க முடியுமா?

அரசியலமைப்பின் 300அ பிரிவின்படி, சட்டத்தின் அதிகாரமின்றி எவருடைய சொத்தையும் பறிக்க முடியாது. 265ஆவது பிரிவின்படி, சட்டமின்றி வரி விதிக்கவும் முடியாது. அமைச்சரோ ரிசர்வ் வங்கியோ ஒரு சுற்றறிக்கை விட்டு உங்கள் டெபாசிட்டைப் பிடித்துக்கொள்ள இயலாது என்பது இதன் பொருள். நாடாளுமன்றம் சட்டம் இயற்றினால்? அப்போதும் நீதிமன்றத்தில் கேள்வி கேட்கலாம். 1974இல் வருமான வரி செலுத்துவோர் தங்கள் வருமானத்தில் ஒரு பகுதியைக் கட்டாயமாக அரசிடம் டெபாசிட் செய்யவேண்டும் என்று சட்டமே வந்தது. அது வட்டியோடு தவணைகளில் திருப்பித் தரப்பட்டது. வங்கியில் ஏற்கெனவே கிடந்த சேமிப்பில் வெட்டு விழவில்லை.

உங்களுக்கு வரி பாக்கி இருந்தாலோ, நீதிமன்றத் தீர்ப்பின்படி நீங்கள் யாருக்காவது பணம் தரவேண்டியிருந்தாலோ கணக்கு முடக்கப்படலாம். அதற்கு நோட்டீஸும் மேல்முறையீட்டு வழியும் உண்டு. உங்கள் கடிதத்தின்படி அப்படி எதுவும் இல்லை. வட்டியில் பிடித்தம் செய்யப்படுவதை ‘அரசு எடுக்கிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது முன்கூட்டிப் பிடிக்கும் வருமான வரி. உங்களுக்கு வரி வராத நிலை என்றால் ஆண்டு தொடக்கத்திலேயே வங்கியில் உறுதிமொழிப் படிவம் கொடுத்தால் பிடிக்கமாட்டார்கள். பிடித்துவிட்டால் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம்.

5 லட்சம் என்ற எல்லைக்கோடு

டி.ஐ.சி.ஜி.சி. என்று சுருக்கமாகச் சொல்லும் வைப்புக் காப்பீட்டுக் கழகம் ரிசர்வ் வங்கிக்குச் சொந்தமானது. 1962இல் காப்பீடு தொடங்கியபோது வரம்பு 1,500 ரூபாய். 1993இலிருந்து ஒரு லட்சம். 2020 பிப்ரவரி 4 முதல் 5 லட்சம். பிரீமியத்தை வங்கிதான் கட்டுகிறது. உங்களிடம் கேட்கக் கூடாது.

இந்த 5 லட்சத்தைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஒவ்வொரு ரசீதுக்கும் 5 லட்சம் என்று நீங்களும் எழுதியிருக்கிறீர்கள், அப்படியல்ல. ஒரே வங்கியில், எத்தனை கிளைகளில் இருந்தாலும், உங்கள் தனிப்பெயரில் உள்ள சேமிப்பு, நிரந்தர வைப்பு, தொடர் வைப்பு எல்லாவற்றையும் கூட்டி, அசலும் வட்டியும் சேர்த்து, 5 லட்சம்தான். கூட்டுறவு வங்கியில் 4 லட்சம் வீதம் இரண்டு ரசீதாகப் பிரித்துப் போட்டதால் பாதுகாப்பு கூடவில்லை. வேறு வங்கிக்குப் போனால் அங்கே தனியாக 5 லட்சம். கூட்டுக் கணக்கு என்றால் அது தனி உரிமையாகக் கருதப்படுகிறது. நீங்களும் மகளும் சேர்ந்து திறக்கும் கணக்குக்கு, உங்கள் தனிக்கணக்கோடு சேராமல், இன்னொரு 5 லட்சம் உண்டு. நாமினி பெயரை மாற்றினால் வரம்பு மாறாது.

2021இல் செய்யப்பட்ட திருத்தத்தினால், பணம் எடுக்கத் தடை விதிக்கப்பட்ட நாளிலிருந்து 90 நாட்களுக்குள் காப்பீட்டுத் தொகையைத் தரவேண்டும் என்று ஆகியிருக்கிறது. முன்பெல்லாம் வங்கியின் உரிமம் ரத்தாகி, கலைப்பு நடவடிக்கை தொடங்கி, ஆண்டுக்கணக்கில் காத்திருக்கவேண்டியிருந்தது. வங்கியை வேறொன்றுடன் இணைக்கும் முயற்சி நடந்தால் மேலும் 90 நாள் நீட்டிக்க இடமுண்டு. அந்த நேரத்தில் ஒப்புதல் படிவத்தையும் வேறொரு வங்கிக் கணக்கின் விவரத்தையும் கேட்பார்கள். ஒரே வங்கியில் எல்லாவற்றையும் வைத்திருப்பவர்கள் அப்போது மருந்துக் கடைக்குக்கூடக் கையில் காசில்லாமல் திண்டாடுவார்கள். ஆகவே இரண்டாவது கணக்கு ஒன்று கட்டாயம் வேண்டும்.

உங்கள் கூட்டுறவு வங்கி இந்தக் காப்பீட்டில் இருக்கிறதா என்று கிளையில் கேளுங்கள். பெயர்ப் பட்டியலைக் கழகத்தின் இணையதளத்திலும் பார்க்கலாம். கூட்டுறவு நகர வங்கி என்றால் பெரும்பாலும் இருக்கும். ஆனால் நம் ஊர்களில் அதே தெருவில், அதே நிறப் பலகையோடு இயங்கும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தை மக்கள் ‘சொசைட்டி பேங்க்’ என்றே சொல்கிறார்கள். அங்கே போடும் டெபாசிட்டுக்கு இந்தக் காப்பீடு கிடையாது. ரசீதின் தலைப்பில் அச்சிட்டிருக்கும் முழுப்பெயரை ஒருமுறை கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள்.

தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் உள்ள 14 லட்சத்துக்கும் சட்டப்படி காப்பீடு 5 லட்சம்தான். மீதிக்கு மத்திய அரசின் எழுத்துபூர்வமான உத்தரவாதம் இருக்கிறது என்று நீங்கள் நினைப்பது சரியல்ல. ஆனால் மத்திய அரசின் ஆணையில்லாமல் அந்த வங்கிகளைக் கலைக்கவே முடியாது என்று அவற்றுக்குரிய 1970ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. 1969இல் தேசியமயமான வங்கிகளில் நலிந்தவற்றை அரசு மூலதனம் போட்டோ இணைத்தோ தூக்கி நிறுத்தியிருக்கிறது. டெபாசிட்தாரர் எவரும் பணம் இழந்ததில்லை. அந்த 14 லட்சத்துக்காக நீங்கள் தூக்கத்தை இழக்கவேண்டியதில்லை என்பது என் கருத்து. முதிர்வுக்கு முன் உடைத்தால் வட்டியில் ஒரு பகுதி போகும்; அந்த நஷ்டம் மட்டும்தான் நிச்சயம்.

மகன் சொல்லும் மாற்று வழிகள்

வீட்டில் ரொக்கம் வைப்பதைப் பற்றி: 2016 நவம்பர் 8 இரவு செல்லாமல் போனது வங்கியில் இருந்த பணமல்ல, பீரோவிலும் அரிசிப் பானையிலும் இருந்த 500, 1,000 ரூபாய் நோட்டுகள்தான். வங்கியில் வைத்திருந்தவர்கள் எடுப்பதற்குச் சிரமப்பட்டார்கள், ஆனால் தொகை அப்படியே இருந்தது. திருட்டு, தீ, கேட்டவருக்கெல்லாம் கடன் கொடுக்கவேண்டிய நெருக்கடி ஆகியவற்றையும் சேர்த்துப் பாருங்கள். மருத்துவ அவசரத்துக்கு இரண்டு மூன்று மாதச் செலவுத்தொகை கையில் இருந்தால் போதும்.

ஃபைனான்ஸ் விஷயத்தில் நான் கடுமையாகவே சொல்கிறேன்: வேண்டாம். ரெண்டு வட்டி என்றால் ஆண்டுக்கு 24 சதவீதம். அதை நேர்மையாகச் சம்பாதித்துத் தரக்கூடிய தொழில் எது என்று உங்கள் மகனிடம் கேளுங்கள். அங்கே டெபாசிட் காப்பீடு கிடையாது. பொதுமக்களிடம் அனுமதியின்றி டெபாசிட் திரட்டுவதை 2019ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று குற்றமாக்கியிருக்கிறது. ஏமாந்தவர்களுக்காகத் தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டின் டெபாசிட்தாரர் நலப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுக்கலாம், நிறுவனத்தின் சொத்துகள் பறிமுதலாகும், சிறப்பு நீதிமன்றம் ஏலம் விடும். இந்த வழக்குகளில் கட்சிக்காரர்களோடு நான் நடந்திருக்கிறேன். போட்ட முதலில் ஒரு பங்கு, பல ஆண்டு கழித்து வந்தால் அதிர்ஷ்டம். அரசுக்குப் பயந்து வங்கியிலிருந்து எடுத்த பணத்தை இப்படிப்பட்ட இடத்தில் தொலைத்துவிட்டு வந்தவர்களைப் பார்க்கும்போது எனக்கு வாட்ஸ்அப் செய்தியை எழுதியவர்கள்மீதுதான் கோபம் வருகிறது.

கூடுதல் வட்டியும் பாதுகாப்பும் வேண்டுமென்றால் அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தைப் பாருங்கள். ஒருவர் 30 லட்சம் வரை போடலாம், ஐந்தாண்டுக் காலம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி. அது நேரடியாக மத்திய அரசின் கடன் என்பதால் 5 லட்ச வரம்பு என்ற பேச்சே இல்லை. அரசை நம்பாதவருக்கு அரசிடமே போடச் சொல்கிறாரே என்று சிரிக்காதீர்கள். கணக்குப்படி இதுதான் சரி. ஐந்தாண்டுக்குள் எடுத்தால் பிடித்தம் உண்டு என்பதால் அவசரத்துக்குத் தேவைப்படும் தொகையை இதில் முடக்கவேண்டாம்.

கணவரின் பழைய கணக்கு

பத்தாண்டுகள் வரவு செலவு இல்லாத கணக்கில் உள்ள தொகையை, வங்கிகள் ரிசர்வ் வங்கி நிர்வகிக்கும் வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதிக்கு மாற்றவேண்டும் என்பது 2014 முதல் நடைமுறை. கிளையில் சொன்னது இதைத்தான். ஆனால் உரிமை உங்களைவிட்டுப் போகவில்லை. எத்தனை ஆண்டு கழித்துக் கேட்டாலும் அந்த வங்கிதான் உங்களுக்குத் தரவேண்டும். தந்துவிட்டு அந்த நிதியிலிருந்து ஈடுகட்டிக்கொள்வது அவர்கள் வேலை. ‘பணம் எங்களிடம் இல்லை’ என்ற பதிலை ஏற்காதீர்கள். பாஸ்புக் கிடைக்காவிட்டால் 2023இல் ரிசர்வ் வங்கி தொடங்கிய உத்கம் இணையதளத்தில் கணவர் பெயரைக் கொடுத்துத் தேடலாம். இறப்புச் சான்றிதழ், நாமினியாக நீங்கள் இருந்தால் உங்கள் அடையாளச் சான்று, இல்லாவிட்டால் வாரிசுச் சான்றிதழ் ஆகியவற்றோடு எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். முப்பது நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு இலவசமாகப் புகார் அனுப்பலாம்.

ஜாமீன் கையெழுத்து

நீங்கள் ஒரே வரியில் கடந்துபோனது இது. ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன்காரரின் பொறுப்புக்குச் சமமானது என்று ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆவது பிரிவு சொல்கிறது. தங்கை மகன் தவணை தவறினால், முதலில் அவரிடம் வசூலித்துவிட்டுத்தான் உங்களிடம் வரவேண்டும் என்ற கட்டாயம் வங்கிக்கு இல்லை. அதே வங்கியில் உங்கள் டெபாசிட் இருந்தால் அதில் ஈடுகட்டிக்கொள்ளவும் பார்ப்பார்கள். வங்கியே முடங்கினால்கூட, நீங்கள் அந்த வங்கிக்குத் தரவேண்டிய பாக்கியைக் கழித்துக்கொண்டுதான் காப்பீட்டுத்தொகை கணக்கிடப்படும். கொடுத்துவிட்ட கடனுக்கான ஜாமீனை நீங்களாக எழுதிக்கொடுத்து விலக்கிக்கொள்ள முடியாது. வேறொருவரை ஜாமீனாக நிறுத்தி வங்கி சம்மதித்தால்தான் விடுபடலாம். உறவில் சங்கடம்தான். இருந்தாலும் இந்த வாரமே அந்தக் கடனில் எவ்வளவு பாக்கி, தவணை ஒழுங்காகப் போகிறதா என்று வங்கியிடம் கேளுங்கள். ஜாமீன்தாரராக அதைக் கேட்பதில் தவறேதும் இல்லை.

என்னைக் கேட்டால், 14 லட்சத்தை இருந்த இடத்திலேயே முதிர விடுங்கள். கூட்டுறவு வங்கியில் நாலரை லட்சத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்; ஆண்டு வட்டி சேர்ந்தாலும் 5 லட்சத்தைத் தாண்டாது. மீதி மூன்றரை லட்சத்தை அஞ்சலகத் திட்டத்துக்கு மாற்றுங்கள். ஜாமீன் விஷயத்தில் தவணை தவறியிருப்பது தெரியவந்தால் அந்த நாலரை லட்சத்தையும் அங்கே வைக்கவேண்டாம். 5 லட்ச வரம்புக்குப் பயந்து பத்து வங்கியில் பத்துக் கணக்கும் திறக்காதீர்கள். கணவரின் கணக்குக்கு நேர்ந்த கதி அவற்றில் சிலவற்றுக்கும் நேரும். இருக்கும் கணக்குகளின் பட்டியலை ஒரு தாளில் எழுதி மகளிடம் கொடுங்கள். 2025 நவம்பர் முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினியாக நியமிக்கலாம். நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவரே தவிர வாரிசு உரிமை அதனால் மாறாது என்பதால், யாருக்கு எவ்வளவு என்பதில் எண்ணம் இருந்தால் உயிலாக எழுதுங்கள்.

கூட்டுறவு வங்கி ரசீதின் பின்பக்கத்தைப் பாருங்கள். முதிர்வு நாளில் தானாகப் புதுப்பிக்கும்படி நீங்கள் ஒப்புதல் கொடுத்திருந்தால், 8 லட்சமும் வட்டியோடு இன்னொரு காலத்துக்கு அங்கேயே போய்விடும். முதிர்வுக்கு ஒரு வாரம் முன்பே கிளைக்குச் சென்று, தானியங்கிப் புதுப்பிப்பு வேண்டாம், தொகையை என் சேமிப்புக் கணக்கில் வரவு வையுங்கள் என்று எழுதிக் கொடுங்கள்.